தாய்மார் குருதி காத்த லூசி வில்ஸ் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை முதியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லுவார்கள். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிட உயிரை விடுவதே மேல் என்று எண்ணிய குலப்பெண்களுக்காகவும், முகத்திரை அணிந்த முஸ்லிம் பெண்களுக்காகவும் 1885-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மருத்துவமனை அது. 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாற்பத்திரண்டு வயதுடைய ஓர் ஆங்கிலப் பெண்மணி அங்கே கர்ப்பிணிகளின் இரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்தாம் லூசி வில்ஸ். இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்களின் கையில் கொடுக்கப்படும் மாத்திரையில் ஒரு பாதியின் வரலாறு இவரிடமிருந்து தொடங்குகிறது. ஆயினும் நம் நாட்டில் இவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் உழைத்த ஒருவரை நாம் மறந்திருப்பது வியப்புக்குரியது.

லூசி வில்ஸ் 1888-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். அரிவாள் முதலிய வெட்டுக் கருவிகளைச் செய்து விற்ற வசதியான குடும்பம். தந்தையார் அறிவியல் பட்டதாரி. தாயாரோ ஒரு மருத்துவரின் மகள். பெண்கல்விக்குப் பெயர்பெற்ற செல்டன்காம் பள்ளியில் பயின்று, 1907-இல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூனாம் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் படித்தது மருத்துவம் அன்று, தாவரவியலும் நிலவியலும். 1911-இல் தேர்வுகளில் வெற்றி பெற்றார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வு எழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் பெறக்கூடாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் அன்றைய விதி. அந்த விதி மாற 1948-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவின் தலைநகரம் என்று சொல்லப்பட்ட ஊரின் நிலையே அதுவென்றால் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1911-இல் தந்தையார் காலமானார். அடுத்து 1913-இல் உடன்பிறந்த மூத்த சகோதரி இருபத்தாறு வயதிலேயே இறந்தார். அந்த ஆண்டில் தாயாருடன் இலங்கைக்குச் சென்று உறவினரோடு தங்கினார். பிறகு தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே இருக்கும்போது முதல் உலகப் போர் மூண்டது. கேப்டவுன் நகர மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் தொண்டராக நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். தம் வழி எது என்பது அந்த வாரங்களில்தான் அவருக்குத் தெளிவாயிற்று போலும். தாயகம் திரும்பியதும் 1915 ஜனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்துவிட்டார். இந்தியாவிலிருந்து சென்ற பெண்களும் அங்கே படித்துக்கொண்டிருந்தனர். பின்னாளில் பம்பாயில் பெரும்புகழ் பெற்ற மகப்பேறு மருத்துவர் ஜெருஷா ஜிராத் அவர்களுள் ஒருவர்.

1920-இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், லூசி மருத்துவரானார். ஆனால் நாடி பார்த்து மருந்தெழுதும் தொழிலில் அவருக்கு நாட்டமில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் துறையில் அமர்ந்து, கருவுற்ற பெண்ணின் உடலில் நிகழும் இரசாயன மாறுதல்களை ஆராயத் தொடங்கினார்.

இங்கே அக்காலத்து இந்தியத் தாய்மார்களின் நிலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பம்பாயின் பஞ்சாலைப் பகுதிகளில் வாழ்ந்த ஏழைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் ஒரு கொடிய சோகை பற்றியது. ஐந்தாறு மாதம் வரை நன்றாக நடமாடிய பெண் வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கிப் படுத்துவிடுவாள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் நாற்பது இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சிய அணுக்களோ இயல்பைவிடப் பெரியவையாக ஊதிக் கிடக்கும். இத்தகைய பெண்கள் பிரசவத்தின்போதோ, அதற்குச் சில நாள் முன்பின்னாகவோ மாண்டு போயினர். வயிற்றிலிருந்த குழந்தையும் பெரும்பாலும் தப்புவதில்லை. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சாதாரணச் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும், இதில் பெருத்துப்போயின. ஆகவே இரும்பு மருந்து இதற்குப் பயன்படவில்லை.

காரணம் என்ன? அந்நாளைய மருத்துவ உலகில் செல்வாக்குடன் விளங்கிய ஒரு கருத்து குடலைக் குற்றஞ்சாட்டியது. நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை உண்டாக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து அணுக்களை அழிக்கிறது என்று பல பெரிய மருத்துவர்கள் நம்பினர். வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கில மருத்துவர் கொடுஞ்சோகைக்கு வாயிலும் குடலிலும் உள்ள கிருமிகளே காரணம் என்று நெடுங்காலம் வாதிட்டு வந்தார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகாஃப் போன்ற மேதையே குடற்கிருமிகளை முதுமைக்கும் நோய்க்கும் காரணமாகக் காட்டியவர். நோய் என்றால் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று எல்லோரும் எண்ணிய காலம் அது. ஒரு பொருள் உணவில் இல்லாமற் போவதாலும் நோய் வரும் என்ற எண்ணம் அப்போதுதான் மெல்ல வேரூன்றி வந்தது.

இந்திய மருத்துவப் பணியில் நீண்ட அனுபவம் பெற்ற மார்கரெட் பால்ஃபர் அம்மையார், தாய்மார் மரணம் பற்றிய விசாரணை ஒன்றில் பங்கேற்குமாறு லூசியை அழைத்தார். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில் நடந்த விசாரணை அது. 1928-இல் லூசி பம்பாய்க்கு வந்து ஹாஃப்கின் நிலையத்தில் பணி தொடங்கினார். 1933 வரை, இடையிடையே கோடைகளில் தாயகம் சென்று வந்தது தவிர, இந்தியாவிலேயே உழைத்தார்.

அவர் செய்த முதல் காரியம் நோயாளிகள் என்ன உண்கிறார்கள் என்று விசாரித்ததுதான். கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் நுண்ணோக்காடியைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை ஒருபுறம் வைத்துவிட்டு, அடுப்பங்கரையைப் பற்றிக் கேட்டாரே, அதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது என்பேன். பல்வேறு சமூகத்துப் பெண்களின் உணவையும் அவர்களிடையே சோகை தோன்றும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உணவு எங்கே மிகக் குறைபாடுடையதாக இருந்ததோ அங்கேதான் சோகையும் மிகுதியாக இருந்தது. ஏழை முஸ்லிம் பெண்களின் நிலை எல்லாரையும்விட மோசம். காய், கீரை, பழம், பால் ஆகியவை அவர்கள் தட்டில் மிக அரிது.

ஒப்பிட்டுப் பார்த்தது மட்டும் சான்றாகிவிடாது. ஏழ்மையுடன் இன்னும் எத்தனையோ துன்பங்கள் ஒட்டியே வருகின்றன அல்லவா? ஆகவே 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் நீலகிரிக்கு வந்து குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தங்கினார். சத்துணவு ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற ராபர்ட் மக்காரிசன் அங்கே ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியைப் பார்ப்பது மக்காரிசனின் முறை. லூசியும் பம்பாய் ஏழைப் பெண்களின் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குச் சோகை கண்டது. சினையுற்ற எலிகள் குட்டி போடும் முன்பே இறந்தன. அதே உணவுடன் ஈஸ்ட் சேர்த்தபோது அவை பிழைத்தன.

இந்த இடத்தில் ஓர் இடையூறு ஏற்பட்டது. எலிகளின் உடலில் பேன் இருந்தது. அந்தப் பேன் வழியாகப் பரவும் ஒரு கிருமியும் எலிகளுக்குச் சோகையை உண்டாக்க வல்லது. அப்படியானால் எலிகள் மாண்டது உணவாலா, கிருமியாலா? வேறொருவராயின் தமக்குச் சாதகமான முடிவை எடுத்துக்கொண்டு மேலே சென்றிருக்கலாம். லூசி அம்மையார் எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு மாறினார். மீண்டும் அதே உணவு, மீண்டும் அதே சோகை, ஈஸ்ட் கொடுத்ததும் மீண்டும் அதே குணம். இப்போது ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்தது மனிதர்கள். 1926-இல் அமெரிக்காவில் மினாட், மர்ஃபி என்ற இருவர் கொடுஞ்சோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் நிறைய ஈரல் உண்ணக் கொடுத்து உயிர்ப்பித்திருந்தனர். அதற்காக மினாட், மர்ஃபி, விப்பிள் ஆகிய மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. பம்பாய்ப் பெண்களும் ஈரலால் குணமடைந்தனர். ஆனால் ஆலைத் தொழிலாளியின் மனைவி நாள்தோறும் ஈரல் வாங்கப் பணத்துக்கு எங்கே போவாள்? புலால் உண்ணாதவர்களின் பாடு இன்னும் கடினம். மலிவான ஒரு பொருள் வேண்டும். அப்போது இங்கிலாந்தின் சமையலறைகளில் மார்மைட் என்ற கறுப்பான, உப்புக் கரிக்கும் குழம்புப் பசை ஒன்று வழக்கத்தில் இருந்தது. பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்டைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. 1902 முதல் விற்பனையில் இருந்தது. ரொட்டியில் தடவித் தின்னும் இந்தப் பண்டத்தை லூசி மருந்தாக்கினார். சாகக் கிடந்த பெண்கள் சில நாட்களிலேயே பசியெடுத்து எழுந்து உட்கார்ந்தார்கள். இரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகின. 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான அவர் கட்டுரை இச்செய்தியை உலகுக்கு அறிவித்தது. பம்பாயில் தல்படே, மேத்தா ஆகிய இந்திய மருத்துவர்கள் அவருடன் இணைந்து இந்த ஆய்வுகளைச் செய்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

ஆனால் அவருடைய மதிநுட்பம் மார்மைட்டோடு நிற்கவில்லை. ஈரலும் குணப்படுத்துகிறது, ஈஸ்டும் குணப்படுத்துகிறது. அப்படியானால் இரண்டிலும் இருப்பது ஒரே பொருள்தானே என்று எவரும் நினைப்பர். லூசி அப்படி நினைக்கவில்லை. கொடுஞ்சோகை நோயாளிகளின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை; தம்முடைய கர்ப்பிணிகளுக்கோ அது சுரந்தது. மேலும், ஈரலின் சாற்றைச் சுத்திகரிக்கச் சுத்திகரிக்கக் கொடுஞ்சோகைக்கு அதன் ஆற்றல் கூடியது; கர்ப்பிணிகளின் சோகைக்கோ அந்தச் சுத்தச் சாறு பயனற்றுப் போயிற்று. சுத்திகரிக்காத சாறு மட்டுமே பயன் தந்தது. ஆகவே ஈரலில் இருப்பது ஒரு மருந்தல்ல, இரண்டு. இரண்டாவது பொருள் சுத்திகரிப்பில் நழுவிப் போகிறது என்று முடிவு செய்தார். இதை உறுதிப்படுத்திக்கொள்ள 1937 நவம்பரில் மீண்டும் பம்பாய்க்கு வந்து பத்து வாரம் தங்கினார். அதுவரை கப்பலிலேயே வந்தவர், இம்முறை கராச்சி வரை ஆகாய விமானத்தில் பறந்து வந்தார். இனம் தெரியாத அந்த இரண்டாம் பொருளை உலகம் வில்ஸ் காரணி என்றே அழைத்தது. முதற்பொருள் பி12 என்ற உயிர்ச்சத்து; அது 1948-இல்தான் தனியே பிரிக்கப்பட்டது. இரண்டு பொருளையும் கண்ணால் காணாமலே, நோயாளிகளின் இரத்தத்தை மட்டும் பார்த்து, அவை வேறு வேறு என்று சொன்னது எளிய செயலா?

வில்ஸ் காரணி எது என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை, விந்தையாக, முன்பு குற்றஞ்சாட்டப்பட்ட அந்த நுண்ணுயிர்களே! பாலிலும் குடலிலும் வாழும் இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியங்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முயன்றவர்கள், ஈரல், ஈஸ்ட், கீரை ஆகியவற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் இல்லாவிட்டால் அவை வளர்வதில்லை என்று கண்டனர். 1941-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நான்கு டன் கீரையைக் காய்ச்சி அப்பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். எந்தக் கரைசலில் பாக்டீரியங்கள் எவ்வளவு வளர்கின்றன என்று பார்த்தே அதில் இந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள்.

1945-இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வுக் குழுவின் தலைவர் நம் நாட்டவரான எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். குடல் சத்தை உறிஞ்ச இயலாமற்போகும் ஸ்ப்ரூ என்ற நோய்க்குத் தம் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். தாமும் அதனால் வாடியவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. லூசி வில்ஸ் பணிபுரிந்த கோஷா மருத்துவமனையும் சுப்பாராவ் படித்த பள்ளியும் ஒரே பேட்டையில் இருப்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

இந்தச் சத்து உடலில் செய்யும் வேலை என்ன? ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் அதன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் இன்றியமையாதது. அது குறைந்தால் எலும்பு மச்சையில் உள்ள அணுக்கள் வளர்ந்துகொண்டே போகும், பிரிய மாட்டா. பெருத்த அணுக்கள் தோன்றுவதன் இரகசியம் இதுவே. கருவுற்ற பெண்ணின் உடலிலோ கரு, நஞ்சுக்கொடி, கருப்பை, கூடுதல் இரத்தம் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்கின்றன. தேவை மிகுதி, வரவு குறைவு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டிவிடும் வீட்டில் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

குடலுக்கு இதில் மற்றொரு பங்கும் உண்டு. 1940-களில் எலிகளுக்குக் குடற்கிருமிகளை ஒடுக்கும் சல்ஃபா மருந்தைச் சுத்திகரித்த உணவுடன் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் வளர்ச்சி குன்றி, இரத்த அணுக்கள் குறைந்தன; ஃபோலிக் அமிலம் கொடுத்ததும் தேறின. அதுவரை அந்தச் சத்தை எலிகளுக்கு வழங்கி வந்தவை அவற்றின் குடல் நுண்ணுயிர்களே என்பது அதனால் விளங்கிற்று. மனிதக் குடலில் வாழும் பிஃபிடோ முதலிய பாக்டீரியங்களும் ஃபோலேட்டை உண்டாக்குகின்றன. அதில் ஒரு பகுதியைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் கர்ப்பிணியின் தேவைக்கு அது போதாது. 2012-இல் வெளியான ஆய்வொன்று, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் இடையே தாயின் குடல் நுண்ணுயிர்க் கூட்டமே பெரிதும் மாறிவிடுகிறது என்று காட்டியது. கடைசி மாதங்களின் நுண்ணுயிர்களைக் கிருமியற்ற சுண்டெலிகளுக்குள் செலுத்தியபோது அவை அதிகமாகக் கொழுத்தன. தாயின் வயிற்றில் குழந்தையுடன் வேறொரு கூட்டமும் சேர்ந்து மாறுதல் அடைகிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

லூசியின் கண்டுபிடிப்புக்கு அவரே காணாத ஒரு பயனும் பின்னால் விளைந்தது. கருவின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. அது மூடாமற்போனால் குழந்தை முடமாகவோ உயிரற்றோ பிறக்கும். 1991-இல் ஏழு நாடுகளில் நடந்து முடிந்த ஒரு பெரிய ஆய்வு, ஏற்கெனவே அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அந்தக் குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று நிறுவியது. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை வழங்கும் திட்டம் 1970-லேயே தொடங்கிவிட்டது. பள்ளியில் வாரந்தோறும் நீல மாத்திரை கொடுத்தபோது ஆசிரியை திரும்பியதும் சன்னல் வழியே எறிந்த மாணவியர் நம்மிடையே இருக்கலாம். அதில் இருந்ததும் இதே சரக்குத்தான்.

பெயர் பெற்ற பிறகும் அம்மையாரின் வாழ்க்கை முறை மாறவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்குச் சைக்கிளில் வந்து போனார். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குண்டுகளுக்கிடையே நோய்க்கூற்றியல் துறையை நடத்தினார்; கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்துக் கொடுத்து ஆய்ந்தார். 1947-இல் ஓய்வு பெற்றபின் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளுக்குச் சென்று மக்களின் உணவையும் சோகையையும் பற்றி ஆராய்ந்தார். கடைசிப் பத்தாண்டுகளில் இலண்டன் செல்சீ நகராட்சியில் தொழிற்கட்சி உறுப்பினராகவும் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் தோட்டம் போடுவதிலும் விருப்பம் மிக்கவர். நோபல் பரிசு முதலிய பெருஞ்சிறப்புகள் அவரைத் தேடி வரவில்லை. ஃபோலிக் அமிலம் என்ற பெயர் நிலைத்ததும் வில்ஸ் காரணி என்ற பெயரும் வழக்கொழிந்தது. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தம் எழுபத்தைந்தாம் வயதில், லூசி வில்ஸ் அம்மையார் காலமானார்.